குருதியில் மறைந்த பகை – டாக்டர் சுனிதி சாலமன் அம்மையாரின் வாழ்வும் பணியும்

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் பூவிருந்தவல்லியைக் கடந்து மேற்கே சென்றால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், அங்கிருந்து தெற்கே திரும்பினால் ஒரகடம் எனத் தொழிற்சாலைகள் அணிவகுத்து நிற்கின்றன. இராமானுசர் பிறந்த திருத்தலம் என்று தொன்றுதொட்டு அறியப்பட்ட ஊர், இன்று கார்களும் கண்ணாடியும் மின்னணுக் கருவிகளும் உருவாகும் பெருந்தொழில் வழியின் தலைவாயிலாகத் திகழ்கின்றது. நம் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்ற இளைஞர் பலர் பணி தேடிச் செல்வதும் அவ்வழியே. தென்மாவட்டங்களிலிருந்தும், பீகார், ஒடிசா, அசாம் முதலிய தொலை மாநிலங்களிலிருந்தும் வந்த ஆடவரும் மகளிரும் வாடகை அறைகளிலும் விடுதிகளிலும் நெருங்கி வாழ்கின்றனர். ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே குழாயில் நீர் பிடித்து, ஒரே பேருந்தில் ஏறிப் பணிக்குச் செல்கின்றனர்.

இத்தகைய ஓர் அறையில், உடன் உறையும் தோழர் ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று உண்டு என்று தெரியவந்தால் நாம் என் செய்வோம்? அவர் உண்ட தட்டை ஒதுக்கி வைப்போமா? அறையை விட்டு அவரை அகற்றுவோமா? அன்றி, மருத்துவமனைக்கு உடன் சென்று, மருந்து உண்ணும் வேளையை நினைவூட்டி, அவர் மறைவைப் பிறரறியாது காப்போமா? இவ்வினாவிற்குத் தம் வாழ்நாளையே விடையாக வைத்துச் சென்ற ஒரு மருத்துவப் பெருமாட்டியின் வரலாற்றை இம்மலரில் எழுத விழைந்தோம். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று பரவியிருப்பதை 1986-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து முதன்முதலாக வெளிப்படுத்திய நுண்ணுயிரியல் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன் அம்மையாரே அவர். அவர் மறைந்து பத்தாண்டுகள் கடந்துவிட்டன. ஆயினும் அவர் எழுப்பிய கேள்வி இன்னும் நம்முன் நிற்கின்றது.

பிறப்பும் இளமையும்

சென்னையில் தோல் வணிகம் செய்து வந்த மராட்டியக் குடும்பம் ஒன்றில் 1930-களின் இறுதியில் சுனிதி பிறந்தார். கைதொண்டே என்பது அவர்தம் குடிப்பெயர். எட்டு மக்களுள் அவர் ஏழாமவர்; எண்மரில் அவர் ஒருவரே பெண். ஆம்பூர், வாணியம்பாடி, பெரியமேடு ஆகிய ஊர்களின் பெயரோடு இணைந்த தோல் தொழிலை நம் சமுதாயத்தார் நன்கு அறிவர். மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்ட பலர் ஒரே தொழிலால் உறவாடிய சென்னை நகரின் சூழலில் அவர் வளர்ந்தார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

ஆண்டுதோறும் அம்மை குத்துவதற்கு நகராட்சியின் சுகாதார அலுவலர் அவர்கள் இல்லத்திற்கு வருவதுண்டு. அக்காலத்துச் சிறுவர் பலரும் அவ்வலுவலரைக் கண்டால் கட்டிலின் அடியில் ஒளிந்துகொள்வர். சிறுமி சுனிதிக்கோ அவ்வருகையே மருத்துவத்தின்பால் ஆர்வத்தைத் தூண்டிற்று. நோய் வருமுன் காக்கவும் இயலும் என்னும் எண்ணம் அவ்விளம் உள்ளத்தில் அன்றே வேர்விட்டது போலும்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து மருத்துவம் பயின்றார். அங்கே தம்முடன் பயின்ற விக்டர் சாலமனைத் தம் வாழ்க்கைத் துணைவராக ஏற்றார். கணவர் கிறித்தவர், பின்னாளில் இதய அறுவை மருத்துவராகப் புகழ்பெற்றவர். இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் நோய்க்குறியியலில் பயிற்சி பெற்ற சுனிதி அம்மையார், அந்நாடுகளிலேயே வளமாக வாழ வாய்ப்பிருந்தும் 1973-இல் தாயகம் திரும்பினார். தம் பணி இந்நாட்டிற்கே மிகுதியும் தேவை என்பது அவர் துணிபு. நுண்ணுயிரியலில் உயர்கல்வி முடித்து, தாம் பயின்ற கல்லூரியிலேயே ஆசிரியராகி, படிப்படியாக உயர்ந்து பேராசிரியர் ஆனார்.

புற்றிலிருந்து தொடங்கிய தேடல்

அம்மையாரின் ஆய்வை உணர, அவர் எதிர்கொண்ட பகையின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். அக்கதை ஒரு கோழியிலிருந்து தொடங்குகின்றது. 1911-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் பெய்ட்டன் ரௌஸ் என்னும் அறிஞர், ஒரு கோழியின் உடலில் தோன்றிய புற்றுக்கட்டியை அரைத்து, உயிரணுக்கள் புக முடியாத மிக நுண்ணிய வடிகட்டியில் வடித்தார். வடிந்த நீரை வேறொரு கோழிக்குச் செலுத்த, அதற்கும் புற்று தோன்றிற்று. நீரில் மறைந்திருந்தது ஒரு வைரஸ். உலகம் அதை ஏற்கத் தயங்கியது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1966-இல்தான் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

உயிரணுவின் உள்ளே டி.என்.ஏ. என்னும் மூலச்சுவடியிலிருந்து ஆர்.என்.ஏ. என்னும் படி எடுக்கப்படுவதே இயற்கையின் ஒழுங்கு. ரௌஸ் கண்ட வைரஸ் போன்றவை இவ்வொழுங்கைத் தலைகீழாக்கும் வல்லமை உடையன. தம்மிடமுள்ள ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, நம் உயிரணுவின் மூலச்சுவடிக்குள்ளேயே ஒரு பக்கமாகச் செருகிவிடுகின்றன. இதற்கு உதவும் நொதியை 1970-இல் ஹோவர்ட் டெமின், டேவிட் பால்டிமோர் ஆகிய இருவரும் தனித்தனியே கண்டறிந்து, 1975-இல் நோபல் பரிசு பெற்றனர். பின்னோக்கிப் படியெடுப்பதால் இவற்றிற்கு ரெட்ரோவைரஸ் என்னும் பெயர் வாய்த்தது. மனிதருக்கு இரத்தப் புற்றை உண்டாக்கும் ரெட்ரோவைரஸ் ஒன்றை 1980-இல் ராபர்ட் காலோவின் குழுவினர் அறிவித்தனர். எச்.டி.எல்.வி.-1 என்பது அதன் பெயர்.

அடுத்த ஆண்டே புதியதொரு கொடுமை வெளிப்பட்டது. 1981 ஜூன் திங்களில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் இளைஞர் ஐவருக்கு ஓர் அரிய நுரையீரல் நோய் கண்டிருப்பதாக அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் செய்தி வெளியிட்டது. பெரும்பாலும் முதியோரையே அரிதாகப் பற்றும் கப்போசிப் புற்று இளையோரிடம் தோன்றுவதும் தொடர்ந்து தெரியவந்தது. நோய் எதிர்ப்பாற்றல் அழிந்த உடலில், அடங்கிக் கிடந்த கிருமிகளும் புற்றும் ஒருசேரத் தலைதூக்கின. 1983-இல் பாரிசிலுள்ள பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவா பாரே-சினூசி, லுக் மோந்தாஞே முதலியோர் இதற்குக் காரணமான ரெட்ரோவைரசைப் பிரித்தெடுத்தனர். எச்.ஐ.வி. என்று இன்று உலகம் அழைப்பது அதனையே.

ஒரு நாட்டின் மீது படையெடுப்போன் முதலில் வயல்களை அழிப்பான், ஊர்களை எரிப்பான். இப்பகைவனோ காவலரையே தேடிப் பிடிக்கின்றான். உடலின் பாதுகாப்புப் படையை நடத்தும் சி.டி.4 என்னும் வெள்ளணுக்களுள் புகுந்து, அவற்றையே தன் பட்டறையாக்கிப் பெருகி, இறுதியில் அவற்றை அழிக்கின்றான். நலமுடையோர் குருதியில் ஒரு கனமில்லிமீட்டருக்கு 500 முதல் 1500 வரை இருக்கவேண்டிய அவ்வணுக்கள் 200-க்கும் கீழே குறையும்போது, அந்நிலையை எய்ட்ஸ் என்கின்றோம். தொற்றுக்கும் அந்நிலைக்கும் இடையே பல ஆண்டுகள் கழியலாம். அவ்வாண்டுகளில் தொற்றுடையோர் நலமுடையோராகவே தோன்றுவர். இம்மறைவே இப்பகையின் பெரும்படை.

வேலூருக்குச் சென்ற இரவு இரயில்

அமெரிக்காவிலிருந்து வந்த ஆய்விதழ்களைச் சுனிதி அம்மையார் ஊன்றிப் படித்து வந்தார். எய்ட்ஸ் மேலைநாட்டாரின் ஒழுக்கக் கேட்டால் விளைவது, பண்பாட்டில் சிறந்த நம் நாட்டை அது அணுகாது என்று நம்மவர் நம்பிய காலம் அது. மும்பையில் முன்பே நடந்த சோதனைகளிலும் தொற்று ஏதும் காணப்படவில்லை. ஆயினும் அம்மையாரின் உள்ளம் அமைதி பெறவில்லை. தம்மிடம் மேற்படிப்புப் பயின்ற செல்லப்பன் நிர்மலா என்னும் மாணவியிடம், தமிழ்நாட்டில் எய்ட்ஸ் உண்டா என ஆராய்வதையே பட்ட ஆய்வுக்குப் பொருளாகக் கொள்ளுமாறு பணித்தார்.

அம்மாணவிக்கு அப்போது அகவை முப்பத்திரண்டு. சிற்றூரில் மரபு வழுவாத குடும்பத்தில் வளர்ந்தவர். இரு சிறு குழந்தைகளுக்குத் தாய். பாலியல் தொழிலில் சிக்குண்ட பெண்களைத் தேடிச்சென்று குருதி எடுக்க அவர் தயங்கியதில் வியப்பில்லை. அவர்தம் கணவர் இராமமூர்த்தி ஊக்கமூட்டினார். தம் ஸ்கூட்டரிலேயே அவரை ஏற்றிச் சென்று, அப்பெண்கள் வைக்கப்பட்டிருந்த அரசுக் காப்பகத்தின் வாயிலில் விட்டு வந்தார். மூன்று திங்களில் எண்பதுக்கும் மேற்பட்டோரின் குருதி திரட்டப்பெற்றது. கையுறை இல்லை, வேறு காப்பும் இல்லை. குருதியினின்று சீரம் எனப்படும் தெளிநீரைப் பிரித்தெடுக்கச் சிறிய ஆய்வறை ஒன்றை அம்மையார் ஏற்பாடு செய்தார். அதனைச் சேமித்து வைக்கத் தக்க குளிரறை இல்லாமையால், நிர்மலாவின் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியே அவ்வரிய பொருளுக்கு இருப்பிடமாயிற்று.

எலிசா என்னும் சோதனையைச் செய்யும் வசதி அன்று சென்னையில் இல்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வைரசியல் துறைத் தலைவர் டாக்டர் ஜேக்கப் ஜான் அவர்களின் உதவியை அம்மையார் நாடினார். 1986 பிப்ரவரியில் ஓர் இரவு, மாணவியும் கணவரும் சீரக் குப்பிகளைப் பனிக்கட்டியில் வைத்துக் காட்பாடிக்கு இரயிலேறினர். மறுநாள் ஆய்வுத் தட்டைத் திறந்து பார்த்தபோது ஆறு குழிகளில் நீர் மஞ்சளாக மாறியிருந்தது. மஞ்சள் நிறம் நம் வழக்கில் மங்கலத்தின் அடையாளம். அன்று அவ்வாறு துளிகளில் அது நாட்டின் பேரிடரை அறிவித்தது.

அம்மையார் உடனே ஊரைக் கூட்டி உரைக்கவில்லை. மீண்டும் அப்பெண்களிடம் குருதி பெறப்பட்டது. அமெரிக்காவிற்கு அனுப்பி, வெஸ்டர்ன் பிளாட் என்னும் நுண்ணிய சோதனையால் முடிவு உறுதி செய்யப்பட்டது. அதன் பின்னரே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்திற்கும், அதன் வழியே தலைமையமைச்சர் ராஜீவ் காந்திக்கும், தமிழக நலவாழ்வு அமைச்சர் எச்.வி. ஹண்டேவுக்கும் செய்தி சென்றது. ஸ்ரீபெரும்புதூரில் 1991-இல் படுகொலையுண்ட அதே தலைவர்தான் இந்நாட்டில் இந்நோய் உண்டு என்னும் செய்தியை முதலில் கேட்ட தலைமையமைச்சர். 1986 மே திங்களில் சட்டமன்றத்தில் அமைச்சர் இதனை அறிவித்தார். ஆய்வு முடிவு 1987-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியாயிற்று. அக்கட்டுரையின் தலைப்பில் இவ்வைரசுக்கு எச்.டி.எல்.வி.-3 என்னும் பெயரே காணப்படுகின்றது; இரத்தப் புற்று வைரசின் உடன்பிறப்பாகவே அன்று அது கருதப்பட்டது என்பதற்கு அப்பெயரே சான்று.

அறிந்ததை அறிவித்தோர்க்குப் பாராட்டு மட்டும் கிடைக்கவில்லை. சோதனை பிழை என்றனர் சிலர். தமிழ் மண்ணை இழிவுபடுத்தும் பிறமாநிலப் பெண் என்றும் அம்மையாரைச் சாடினர் சிலர். அவர் சினந்து மறுமொழி கூறவில்லை. எவர் நம்பினும் நம்பாவிடினும் குருதி பொய் சொல்லாது என்பதை அவர் அறிவார். காலம் அவர் பக்கம் நின்றது.

இவ்விடத்தில் ஒன்றை நாம் மறைத்தல் ஆகாது. எந்நோய்க்கான சோதனை என்பது காப்பகத்திலிருந்த அப்பெண்களுக்கு அன்று விளக்கப்படவில்லை. காவலில் இருந்தோர், மறுக்கும் வலிமையற்றோர், பெயரும் அறியப்படாதோர் ஆகிய அவர்களின் குருதியால்தான் நாடு விழித்துக்கொண்டது. அப்பெண்கள் நமக்கு ஆசிரியர். நாமோ அவர்களுக்கு நன்றியும் கூறினோமில்லை. சோதிக்கப்படுவோரின் இசைவும், சோதனைக்கு முன்னும் பின்னும் அறிவுரையும், முடிவை மறைவாகக் காத்தலும் அம்மையாரின் பிற்காலப் பணியில் முதன்மை பெற்றதை நோக்குமிடத்து, அக்கடனை அவர் தம் வாழ்நாள் முழுதும் தீர்த்துக்கொண்டிருந்தார் என்றே நமக்குத் தோன்றுகின்றது.

ஆய்வறையிலிருந்து நோயாளர் அருகே

கண்டறிந்ததோடு கடமை முடிந்தது என்று அம்மையார் கருதியிருப்பாராயின், அறிவியல் வரலாற்றில் ஒரு வரியாக அவர் பெயர் நின்றிருக்கும். அவர் அங்கே நிற்கவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியிலேயே எய்ட்ஸ் தொடர்பான தகவலுக்கும் அறிவுரைக்குமாக ஒரு குழுவை அமைத்தார். நோயாளர் தேடி வந்தனர். அவர்களைத் தொடவும் மருத்துவர் அஞ்சிய காலம் அது. மருத்துவமனைப் படுக்கை மறுக்கப்பட்டோரும், உறவினரால் கைவிடப்பட்டோரும் அவரிடம் அடைக்கலம் புகுந்தனர்.

இப்பணியை அவர் மேற்கொள்வதில் தொடக்கத்தில் கணவருக்கே உடன்பாடு இல்லை. அந்நோயாளர்தம் கதைகளைச் செவிமடுத்தால் அவ்வாறு கூற மனம் வராது என்று எடுத்துரைத்து, அவர் உள்ளத்தையும் அம்மையார் மாற்றினார். இதனுள் ஒரு பெரும் பாடம் உள்ளது. ஒரு நோயைப் பற்றி அறிவது ஒன்று. நோயுற்றவரின் கதையைக் கேட்பது மற்றொன்று. முன்னது அச்சத்தைக் குறைக்கும். பின்னது வெறுப்பைக் கரைக்கும்.

1993-இல் அரசுக் கல்லூரிப் பணியை விடுத்து, தம் தந்தையார் பெயரால் ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் எய்ட்ஸ் ஆய்வு, கல்வி மையத்தை நிறுவினார். தாமாக முன்வந்து அறிவுரை பெற்றுச் சோதித்துக்கொள்ளும் நிலையம் இந்தியாவில் முதன்முதலாகத் தோன்றியது அவரது முயற்சியால் என்பர். பின்னர் தரமணியிலுள்ள தன்னார்வ நலப்பணி மருத்துவமனை வளாகத்தில் அம்மையம் வளர்ந்தது. அவர்தம் இறுதிக் காலத்தில் ஏறத்தாழ 15,000 பேர் அங்கே தொடர்ந்து மருத்துவம் பெற்று வந்தனர்.

அம்மையத்தின் ஆய்வுகள் வெளிப்படுத்திய உண்மைகளுள் ஒன்று நம் சமுதாயப் பெரியோர் ஊன்றிக் கருதத்தக்கது. தொற்றுடன் வந்த பெண்களுள் பெரும்பாலோர் இல்லறத்தில் கற்பு வழுவாது வாழ்ந்த மனைவியர். கணவர் ஒருவரையன்றிப் பிறரை அறியாத அவர்களுக்கு நோய் அக்கணவர் வழியே வந்தது. கணவர் இறந்தபின் அவர் இறப்பிற்கு இவளே காரணம் என்று புகுந்த வீட்டார் பழிசுமத்தித் துரத்திய கொடுமையும் உண்டு. ஒழுக்கக் கேட்டிற்குக் கிடைத்த தண்டனை என்று இந்நோயைச் சுட்டுவோர், இப்பெண்களின் முகத்தை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கருவிலேயே தொற்றுக்கு ஆளான குழந்தைகள் எப்பாவம் செய்தன?

தொற்றுடையோரும் துணையை நாடுவர், இல்லறம் விழைவர் என்பதை உணர்ந்த அம்மையார், அவர்களுள் மணமாகாதோர்க்கும் துணையிழந்தோர்க்கும் தாமே முன்னின்று வரன் பார்த்தார். ஒருவர்தம் குருதியில் வைரசின் அளவையும், வெள்ளணுக்களின் எண்ணிக்கையையும், குடும்பப் பின்னணியையும், கல்வியையும் ஒருங்கே பொருத்திப் பார்த்த திருமண அமைப்பாளர் உலகில் அவர் போல் மற்றொருவர் இருத்தல் அரிது. தந்தையும் தாயும் கைவிட்ட பிள்ளைகளுக்குத் தாயாக நின்று மணம் முடித்து வைத்த அவரை நோயாளர் தாயெனவே போற்றியதில் வியப்பென்ன?

மருந்து வந்த வழி

தொடக்க ஆண்டுகளில் அம்மையாரால் வழங்க இயன்றது பெரும்பாலும் ஆறுதல் ஒன்றே. காசநோய் முதலிய உடன்வரும் நோய்களுக்கு மருத்துவம் செய்யலாம். மூல நோயைத் தடுக்க வழியில்லை. 1996-இல் மூன்று மருந்துகளை இணைத்துத் தரும் முறை வெற்றி கண்டது. பின்னோக்கிப் படியெடுக்கும் அந்நொதியை முடக்குவன அவற்றுள் சில. டெமினும் பால்டிமோரும் புற்று ஆய்வினூடே கண்டறிந்த ஒன்று, எய்ட்ஸ் நோயாளரின் உயிர் காக்கும் திறவுகோலாயிற்று. அறிவுக்கு வீண் என்பது இல்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஆயின் அம்மருந்தின் விலை மேலைநாட்டில் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேல். ஏழைக்கு அது எட்டாக்கனி. சிப்லா நிறுவனத்தை 1935-இல் நிறுவிய காஜா அப்துல் ஹமீது அவர்களின் மைந்தர் யூசுப் ஹமீது, 2001-இல் அம்மூன்று மருந்துகளையும் ஆண்டுக்கு 350 டாலர் விலையில் தொண்டு நிறுவனத்திற்குத் தர முன்வந்து உலகை வியக்கச் செய்தார். 2004 ஏப்ரல் முதல் நாள் தொட்டு இந்திய அரசு இலவசமாக வழங்கத் தொடங்கிற்று. தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை அத்தொடக்க நிலையங்களுள் ஒன்று. ஒரகடத்திற்கு அணித்தே உள்ள இம்மருத்துவமனையின் வாயிலில் மருந்துக்காக நின்றோரின் வரிசை, ஒரு தலைமுறையின் துயரத்திற்கும் மீட்சிக்கும் சாட்சியாக இருந்தது.

தொற்றுடையவர் காலத்தே மருந்துண்டால் அவர்தம் துணைவருக்கு நோய் பரவுமா என்னும் வினாவிற்கு விடைகாண, ஒன்பது நாடுகளில் 1,763 இணையரைக் கொண்டு பேராய்வு ஒன்று நடத்தப்பெற்றது. சென்னையில் அம்மையார் நிறுவிய மையமும் அதில் பங்கு கொண்டது. விரைவில் மருந்து தொடங்கினோரிடமிருந்து துணைவருக்குப் பரவுதல் 96 விழுக்காடு குறைந்ததாக 2011-இல் முடிவு வெளியாயிற்று. நோயாளருக்கு அளிக்கும் மருந்தே ஊருக்கும் காப்பு என்பது இதனால் விளங்கிற்று. தொற்றுடையவரை ஒதுக்கினால் அவர் மறைந்து வாழ்வார். மறைந்து வாழ்வோர் மருந்துண்ணார். மருந்துண்ணாதார் வழியே நோய் பரவும். அரவணைத்தலே அறிவியலுக்கும் உகந்த வழி.

மறைவும் பெருமையும்

இரத்தப் புற்றின் வைரசோடு பிறந்த ஆய்வுத் துறையில் உழைத்த அம்மையாரை இறுதியில் புற்றே பற்றியது. கணையத்தில் புற்று இருப்பது தெரிந்த சில திங்களிலேயே, 2015 ஜூலை 28 அன்று சென்னையில் அவர் இயற்கை எய்தினார். கணவர் அவருக்கு முன்பே, 2006-இல் மறைந்திருந்தார். மைந்தர் சுனில் சாலமன் தாயின் துறையையே தழுவி ஆய்வு செய்து வருகின்றார். 2017-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருதை அம்மையாரின் மறைவுக்குப் பின் அளித்துப் பெருமை கொண்டது.

அவ்வாண்டே மற்றொரு பெருமையும் நிகழ்ந்தது. எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. இசைவின்றி எவரையும் சோதித்தல் கூடாது. முடிவை வெளியிடுதல் கூடாது. வேலை தருவதற்கு எச்.ஐ.வி. சோதனையை நிபந்தனையாக்குதல் கூடாது. தொற்று உண்டு என்பதையே காரணமாக்கி வேலையினின்றும் கல்வியினின்றும் குடியிருப்பினின்றும் விலக்குதல் கூடாது என்பன அதன் உயிர்நாடி. அம்மையார் தம் மையத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கடைப்பிடித்த அறம் நாட்டின் சட்டமாக மலர்ந்தது எனின் அது மிகையாகாது. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் பணிக்குச் செல்லும் நம் மாணவர் ஒவ்வொருவரும் இதனை அறிந்திருத்தல் நலம்.

நாம் செய்யத்தக்கது

2023-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்நாட்டில் ஏறத்தாழ 25 இலட்சம் பேர் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்கின்றனர். பாதுகாப்பற்ற உடலுறவாலும், தொற்றுள்ள குருதியாலும், ஒருவர் பயன்படுத்திய ஊசியாலும், தாயிடமிருந்து சேய்க்கும் இது பரவும். கைகுலுக்குவதாலோ, ஒரே தட்டில் உண்பதாலோ, ஒரே தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்பதாலோ, கொசுக்கடியாலோ பரவுவதன்று. முறையாக மருந்துண்டு வைரசின் அளவு சோதனைக்கும் புலப்படாதவாறு குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியாகவும் இது பரவாது.

தூய ஒழுக்கத்தை நம் மார்க்கம் வலியுறுத்துகின்றது, அதில் ஐயமில்லை. அதே மார்க்கம் நோயுற்றாரைச் சென்று காண்பதை ஒருவர் மற்றவருக்குச் செய்யவேண்டிய கடமையாக வகுத்துள்ளது. பிறர் குறையை மறைப்போரின் குறையை இறைவன் மறைப்பான் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை நமக்கு உணர்த்துகின்றது. ஒழுக்கத்தைப் போற்றும் நாம் இரக்கத்தைக் கைவிடின், ஒரு சிறகுடைய பறவையாவோம். சமயத்தால் நம்மினும் வேறுபட்ட ஓர் அம்மையார் இக்கடமையை முழுதும் ஆற்றிக் காட்டியுள்ளார் என்றால், அதனைக் கண்டு கற்றுக்கொள்வதில் நமக்கு இழிவேதும் இல்லை.

எச்.ஐ.வி. உடலின் காவலரை அழிக்கின்றது. பழிச்சொல்லோ ஒரு மனிதனுக்குச் சுற்றமும் நட்பும் ஊரும் சேர்ந்து அமைத்த காவலை அழிக்கின்றது. முன்னதற்கு மருந்து வந்துவிட்டது. பின்னதற்கு மருந்து நம்மிடமே உள்ளது. தொழில்வழியின் ஏதோ ஒரு சிற்றறையில் நாளை ஓர் இளைஞன், தான் பெற்ற சோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு எவரிடம் உரைப்பது என்று கலங்கி நிற்கக்கூடும். அவன் அருகே இருப்பவர் நம் கல்லூரியில் பயின்றவராக இருப்பின், அஞ்சாது அவனோடு அமர்ந்து உண்டு, மறுநாள் காலையில் மருத்துவமனைக்கு உடன் செல்பவராக இருத்தல் வேண்டும். சுனிதி சாலமன் அம்மையாருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே. அதற்கு வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக.